முதுகுவலி: அறுவை சிகிச்சை இல்லாமல் மீள்வது எப்படி? சேலத்து உழைப்பாளிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேலத்தில் முதுகுவலிக்காரர்களைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. அம்மாபேட்டையில் குழித்தறிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க முன்னால் சாய்ந்து நெய்பவர். இளம்பிள்ளையில் சிமெண்ட் தரையில் நின்றே விசைத்தறி ஓட்டுபவர். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் சம்மணமிட்டு, தலையைக் குனிந்து கொலுசு பற்றவைப்பவர். லீ பஜாரில் மூட்டை இறக்குபவர். சங்ககிரியிலிருந்து லாரி எடுத்துக்கொண்டு வடக்கே போகிறவர். ஏற்காட்டுச் சரிவில் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு காப்பிப் பழம் பறிக்கும் அக்காமார்கள். இந்த ஊரின் தொழில்கள் எல்லாமே இடுப்பை நம்பித்தான் நடக்கின்றன.

பிசியோதெரபிஸ்ட்டாக இந்த முதுகுகளைத்தான் தினமும் பார்க்கிறேன். வருகிறவர்களில் இரண்டு வகையினர் என்னைக் கவலைப்படுத்துகிறார்கள். கால் மரத்துப்போன பிறகும் தைலம் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர் ஒரு வகை. பிடிப்பு வந்த மூன்றாம் நாளே எம்.ஆர்.ஐ எடுத்து, அதில் இருக்கும் நாலு வார்த்தையைப் பார்த்துப் பயந்து, இனி குனியவே கூடாது என்று வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்பவர் இன்னொரு வகை. இரண்டு பேருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகவே பின்பற்றுங்கள். முதல் படியைத் தாண்டாமல் யாரையும் முதுகில் கை வைக்க விடாதீர்கள்.

படி 1: ஆபத்தான வலியா என்று முதலில் பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தளர்த்தும் சிகிச்சை), பிசியோ, நீவல் எதற்கும் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

- சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே சிறுநீரோ மலமோ போய்விடுவது.
- சைக்கிள் சீட்டில் படும் இடம், அதாவது தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போவது.
- பாதம் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது.
- காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்பும் வலி.
- முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக வரும் முதுகுவலி.
- வண்டியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்த பிறகு வரும் வலி. எலும்பு மெலிந்த வயதானவர்களுக்குக் குளியலறையில் சறுக்கி உட்கார்ந்தாலே முதுகெலும்பு நசுங்கிவிடலாம்.

முதல் மூன்றும் அவசரம். முதுகுத்தண்டின் கீழ்முனையில் வால் போலக் கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்கும்போது முதல் இரண்டும் வரும். அதை உடனே விடுவிக்காவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போய்விடலாம். "காலையில பாத்துக்கலாம்" என்று ஓர் இரவைக்கூடக் கடத்தாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு நள்ளிரவிலும் திறந்திருக்கிறது. மலையில் இருப்பவர்கள் 108ஐக் கூப்பிடுங்கள்.

நம் நாட்டில் காசநோய் முதுகெலும்பையும் தாக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. மாலைக் காய்ச்சல், பசியின்மை, எடைக்குறைவு, முதுகில் ஒரே இடத்தில் தட்டினால் சுரீர் என்று வலிப்பது எல்லாம் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும். மாத்திரையால் குணமாகும் நோய்தான். ஆனால் அந்த முதுகை யாராவது வேகமாகத் திருகினால் விளைவு பயங்கரமாக இருக்கும்.

விலாவுக்குக் கீழே தொடங்கி அலையலையாக அடிவயிற்றுக்கு இறங்கும் வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். பெண்களுக்குக் கர்ப்பப்பைப் பிரச்சினைகளும் இடுப்புவலியாகவே தலைகாட்டும். எந்தப் பக்கம் அசைந்தாலும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் வலியின் வேர் முதுகில் இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: எந்த வகை வலி என்று பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். சிகிச்சை பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம், எல்லா முதுகுவலியையும் ஒரே வலியாக நினைப்பதுதான்.

இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே டிஸ்க் என்னும் மெத்தை. அதன் வெளிச்சுவர் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்கானது, நடுவில் கூழ். பின்பக்கம் சிறு மூட்டுகள், சுற்றிலும் தசைகள், இடையிடையே காலுக்கு இறங்கும் நரம்புகள். இவற்றில் எது தொந்தரவு தருகிறது என்பதை வலி நடந்துகொள்ளும் விதமே பாதி சொல்லிவிடும்.

தசைப்பிடிப்பு: குடத்தைத் தூக்கும்போதோ, அறுந்த இழையைக் கட்டக் குனிந்தபோதோ 'கடக்' என்று பிடிக்கும். வலி இடுப்பிலேயே நிற்கும், முழங்காலைத் தாண்டாது. முதல் இரண்டு நாள் படுத்தி எடுக்கும், பிறகு மெல்ல இறங்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இப்படி ஆபத்தில்லாத, 'இதுதான்' என்று ஒரே இடத்தைக் காட்ட முடியாத வலிதான்.

டிஸ்க் வலி: குனிந்தாலும் உட்கார்ந்தாலும் கூடும், நடந்தால் கொஞ்சம் குறையும். இருமினால், தும்மினால், முக்கினால் சுள்ளென்று இழுக்கும். கூழ் வெளியே தள்ளி நரம்பைத் தொட்டால் வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாகப் பாதம் வரை ஓடும். இதைத்தான் நாம் சயாட்டிகா என்கிறோம். கடைசி இரண்டு டிஸ்க்குகளான எல்4–எல்5, எல்5–எஸ்1 ஆகியவையே அதிகம் பாதிக்கப்படுகின்றன (எல் என்பது இடுப்பு முள்ளெலும்பு, எஸ்1 அதற்குக் கீழே உள்ள எலும்பு). கால் கட்டைவிரலும் பாதத்தின் மேல்பக்கமும் மரத்தால் எல்5 நரம்பு. சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரத்தால் எஸ்1 நரம்பு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய எளிய சோதனைகள் உண்டு. குதிகாலால் நாலு அடி நடங்கள், பிறகு முன்னங்காலால் நாலு அடி. ஒரு கால் மட்டும் தொய்ந்தால் நரம்பு பலவீனப்பட்டிருக்கிறது. அடுத்து மல்லாந்து படுங்கள். முழங்காலை மடக்காமல் வேறொருவர் உங்கள் காலை மெதுவாகத் தூக்கட்டும். பாதி உயரத்துக்குள்ளேயே முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் வலித்தால் நரம்பு இழுபடுகிறது என்று பொருள். தொடைக்குப் பின்னால் மட்டும் விறைப்பாக இருந்தால் அது வெறும் தசை இறுக்கம்தான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

சிறு மூட்டு வலி: இது டிஸ்க் வலிக்கு நேர் எதிர். பின்னால் வளைந்தாலோ திரும்பினாலோ வலிக்கும், குனிந்தால் இதமாக இருக்கும். நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் நின்றே வேலை பார்ப்பவர்களிடம், குறிப்பாக விசைத்தறிக்காரர்களிடம், இதை நிறையப் பார்க்கிறேன்.

இடுப்பெலும்பு இணைப்பு வலி: இடுப்பில் குழிவிழும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுவார்கள். படி ஏறும்போதும் படுக்கையில் புரளும்போதும் வலிக்கும். கர்ப்பகாலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் அதிகம்.

தண்டுவடப் பாதை சுருக்கம்: அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு கால்களும் கனத்து, குடைந்து, உட்கார்ந்தால்தான் அடங்கும். ஏற்காட்டிலிருந்து வரும் பெரியவர்களிடம் நான் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன்: "மேட்டுல ஏறுறது கஷ்டமா, இறங்குறது கஷ்டமா?" ஏறும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, நரம்புப் பாதை விரிகிறது. இறங்கும்போது முதுகு நிமிர்ந்து பாதை குறுகுகிறது. "ஏறிடுவேங்க, எறங்கத்தான் முடியல" என்று பதில் வந்தால் இந்தச் சுருக்கத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அழற்சி வகை முதுகுவலி: வயது நாற்பத்தைந்துக்குள், காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடுவது, நடமாடினால் குறைவது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பது. இவர்கள் வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். இளைஞர்கள் பலர் வருடக்கணக்கில் சாதாரண முதுகுவலி என்றே நினைத்து வலி மாத்திரையில் காலம் ஓட்டுகிறார்கள். எனக்கு ஆற்றாமை தரும் விஷயம் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுல இருந்துதான் வலி" என்று சொல்லாத தாய்மார்களே குறைவு. ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தொளதொளவென்று ஆகிவிட்ட வயிற்றுத் தசையும், பால் கொடுக்கக் கூனி உட்காருவதும், குழந்தையைத் தரையிலிருந்து நாளெல்லாம் குனிந்து தூக்குவதும்தான் காரணம். இதைப் புரிந்துகொண்டால் வழி பிறக்கிறது. ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. தசையைத் திரும்பப் பலப்படுத்த முடியும்.

படி 3: ஸ்கேனுக்கு அவசரப்படாதீர்கள்

படி 1இல் சொன்ன எதுவும் இல்லையென்றால் முதல் ஆறு வாரத்துக்குப் பொதுவாக எம்.ஆர்.ஐ தேவையில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கி இருந்தது. 40 வயதில் 50 சதவீதம், 60 வயதில் 69 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை! நரைமுடி மாதிரிதான் இதுவும் என்று சொல்லி நான் ஆட்களைத் தேற்றுவதுண்டு.

ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' (பிதுக்கம்), 'டிஜெனரேஷன்' (தேய்மானம்) என்று இருந்தால் உங்கள் முதுகு நொறுங்கிவிட்டதாக அர்த்தம் இல்லை. படத்தில் இருப்பதும் உடம்பில் இருக்கும் அறிகுறியும் ஒத்துப்போனால் மட்டுமே அதற்கு மதிப்பு. பிதுங்கி வந்த டிஸ்க் கூழைப் பல சமயம் உடலே மெல்லக் கரைத்துவிடும். சயாட்டிகா வந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறுகிறார்கள்.

படி 4: முதல் இரண்டு வாரம்

முழு ஓய்வு ஒன்று அல்லது இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். படுத்தே கிடந்தால் தசை வலுவிழக்கும், பயம் வளரும். வலியோடேயே வீட்டுக்குள் மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் நடங்கள். வலி பத்துக்கு நாலு, ஐந்து என்ற அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வெந்நீர்ப் பை அல்லது வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைக் கையால் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கும்போது ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை. மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை. எழும்போது நேராக எக்கி எழாமல் ஒரு பக்கம் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

மெடிக்கலில் "முதுகுவலிக்கு ரெண்டு மாத்திரை" கேட்டு வாங்குவதை நிறுத்துங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றில் புண்ணையும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரிய கேட்டையும் தரும். மருத்துவர் எழுதித் தந்தால், சொன்ன நாளுக்கு மட்டும் போடுங்கள். பெல்ட்டையும் நாள் முழுக்கக் கட்டாதீர்கள். நாள்பட்ட இடுப்புவலிக்காக 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல், மசாஜ், முதுகெலும்பைக் கையால் அசைத்துத் தரும் சிகிச்சை ஆகியவற்றைத் தரலாம் என்கிறது.

படி 5: கைரோபிராக்டிக், தெரிந்துகொண்டு போங்கள்

கையால் முதுகை எடுத்துவிடுவது நமக்குப் புதிதல்ல. தொக்கணம், வர்மம், சுளுக்கெடுப்பு என்று எத்தனையோ உண்டு. கால் முன்னால் வந்து பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் உதைக்கச் சொல்லும் வழக்கம்கூட ஊர்ப்பக்கம் இருக்கிறது. பிடிப்பு தானாகவே விடுகிற நாளில் உதை விழுந்தால் பெயர் உதைக்குப் போகும். எலும்பு மெலிந்த பாட்டிக்கு விழுந்தால் முறிவுதான் மிஞ்சும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கைரோபிராக்டிக் அமெரிக்காவில் பிறந்தது. 1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் தொடங்கினார். முதல் நோயாளி ஹார்வி லில்லார்ட், காது கேளாத ஒரு துப்புரவுப் பணியாளர். முதுகெலும்பு விலகுவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று பால்மர் நம்பினார். அந்த நம்பிக்கையை இன்றைய மருத்துவ அறிவு ஏற்கவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறையில் ஒரு பகுதி, அதாவது விறைத்த மூட்டைக் கையால் அசைத்துத் தளர்த்துவது, இடுப்புவலிக்கு ஓரளவு பயன்படுகிறது. 2017இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, புதிதாக வந்த இடுப்புவலிக்கு இச்சிகிச்சை ஆறு வாரத்துக்குள் 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 10 புள்ளி அளவுக்கு வலியைக் குறைக்கிறது. மாயமில்லை, பொய்யும் இல்லை. மிதமான பலன்.

அறைக்குள் என்ன நடக்கும்? நல்ல சிகிச்சையாளர் முதலில் உட்காரவைத்துக் கேட்பார்: எப்போது தொடங்கியது, கால் மரக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா, என்ன வேலை, என்ன மருந்து. பிறகு நடக்கச் சொல்லி, குனியச் சொல்லி, அனிச்சைச் செயல், பலம், உணர்ச்சி எல்லாம் பார்ப்பார். அதன் பிறகே மேசை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு கையால் தாங்கி, மறு கையை இடுப்பில் ஊன்றி, நீங்கள் மூச்சை வெளியே விடும் நேரத்தில் குறைந்த தூரத்துக்கு விருட்டென ஒரு தள்ளல். 'டக்' என்று ஒரு சத்தம். எலும்பு 'உள்ளே போய் உட்கார்ந்த' சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைவதால் வாயுக்குமிழி உருவாகும் சத்தம், விரலில் சொடக்கு எடுக்கும்போது கேட்பதுதான். சத்தம் வராவிட்டாலும் பலன் வரும். சத்தம் கேட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

வேகமாகத் தள்ளுவது பிடிக்காதவர்களுக்கு வேறு முறைகள் உண்டு. இரண்டாக மடங்கும் மேசையில் குப்புறப் படுக்கவைத்து, கீழ்ப்பாதியை மெல்ல இறக்கி ஏற்றி டிஸ்க் இடைவெளியை இழுத்துத் தளர்த்துவது ஒன்று. சிறு கருவியால் தட்டுவது இன்னொன்று. காலுக்கு வலி ஓடுபவர்களுக்கு முதலாவதைத்தான் நான் மென்மையானதாகக் கருதுகிறேன். சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு நாள் உடம்பு அசதியாக, தொட்டால் நோவாக இருக்கும், இது இயல்பு. ஆனால் காலில் புதிதாக மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ படி 1க்குத் திரும்புங்கள்.

யாருக்குக் கூடாது? எலும்பு மெலிவு அதிகம் உள்ளவர்கள், முதுகெலும்பில் காசநோய், புற்றுநோய், முறிவு இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கால் பலம் குறைந்துகொண்டே போகிறவர்கள், முள்ளெலும்பு நழுவியவர்கள். மாதவிடாய் நின்ற பெண்களும், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் எலும்பு அடர்த்தியைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கழுத்து விஷயத்தில் நான் கண்டிப்பானவன். தலையைப் பிடித்துச் சடாரென்று திருகுவதாலோ துணிப்பட்டையால் கழுத்தை இழுப்பதாலோ, அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. இடுப்புவலிக்குப் போன இடத்தில் கழுத்தையும் சேர்த்துச் 'சரிசெய்து' விடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சலூனில் முடிவெட்டியதும் கழுத்தைத் திருகிவிடும் வழக்கத்துக்கும் இதே பதில்தான். வீடியோ பார்த்து வீட்டில் ஒருவர் முதுகை ஒருவர் மிதிப்பதும் வேண்டாம்.

யாரிடம் போவது? அமெரிக்கா போன்ற நாடுகளில் கைரோபிராக்டிக் உரிமம் பெற்ற தொழில். நம் நாட்டில் அதற்கென்று தனி உரிமச் சட்டம் இல்லை. ஆகவே போர்டு வைத்தவர் எல்லாம் படித்தவர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழுப் பட்டம் பெற்ற கைரோபிராக்டரா, கைமுறைச் சிகிச்சையில் பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட்டா, வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பரிசோதிக்காமலே மேசையில் ஏறச் சொன்னாலோ, இருபது முப்பது சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டாலோ, சர்க்கரையும் ஆஸ்துமாவும் சேர்ந்து போய்விடும் என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். என் கணக்கில், நாலைந்து முறை போயும் குனிவதிலோ நடப்பதிலோ தூங்குவதிலோ ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் அந்தச் சிகிச்சை உங்களுக்கானது இல்லை.

ஒன்று தெளிவாக இருக்கட்டும். கைச்சிகிச்சை தருவது கொஞ்ச நாளைக்கான இதம். அந்த நாட்களில் நீங்கள் உடம்பை அசைத்துப் பலப்படுத்தினால்தான் வலி விலகி நிற்கும். மேசையை விட்டு இறங்கிப் பழையபடியே தறியில் கூனினால் அடுத்த மாதம் அதே மேசைக்குத்தான் வர வேண்டும்.

படி 6: தினசரிப் பயிற்சி

காலையில் எழுந்ததும் குனிந்து செய்யும் பயிற்சி வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்தால் அதன் மேல் அழுத்தம் அதிகம். வாசலில் கோலம் போடுபவர்கள் சற்று நடந்துவிட்டு, குனிவதற்குப் பதில் குத்தவைத்து உட்கார்ந்து போடலாம்.

டிஸ்க் வகை வலிக்கு: குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு முழங்கையை ஊன்றி மார்பைத் தூக்குங்கள். பழகிய பின் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே தளர்த்திவிட்டு மேலே தள்ளுங்கள். பத்து முறை, நாளில் நாலைந்து தடவை. நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி பரப்பிய முறை இது. காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்புக்குள் வந்தால் நல்ல அறிகுறி. இடுப்பில் வலி கொஞ்சம் கூடியிருந்தாலும் தொடருங்கள். வலி காலுக்கு இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்துங்கள்.

சிறு மூட்டு வலிக்கும் பாதைச் சுருக்கத்துக்கும் மேலே சொன்னது ஆகாது. மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்கு இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள்.

கடும் வலி அடங்கிய பிறகு எல்லோருக்கும் பொதுவாக மூன்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கி நிறுத்துவது. கையையும் முழங்காலையும் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி எட்டுப் பத்து விநாடி ஆடாமல் நிற்பது, பிறகு பக்கம் மாற்றுவது. ஒருக்களித்து முழங்கையையும் முழங்காலையும் ஊன்றி இடுப்பைத் தூக்குவது. மூச்சை அடக்காதீர்கள். எண்ணிக்கையைக் காட்டிலும் ஆடாமல் நிற்பதுதான் கணக்கு.

இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள் நடங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியிலிருந்து மீண்டவர்களில் ஒரு பிரிவினருக்குப் படிப்படியாகக் கூடும் நடைப்பயிற்சி கொடுத்தார்கள். நடக்காதவர்களுக்கு வலி திரும்ப 112 நாள் ஆனது, நடந்தவர்களுக்கு 208 நாள். இவ்வளவு மலிவான மருந்து வேறு எங்கே கிடைக்கும்? மூக்கனேரிக் கரை, காந்தி ஸ்டேடியம், ஏரி உள்ள ஊர்க்காரர்களுக்கு அந்த ஊர் ஏரி, எதுவும் இல்லையென்றால் சொந்தத் தெரு. பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு மெல்லக் கொண்டுபோங்கள்.

படி 7: வேலை செய்யும் இடத்தை மாற்றுங்கள்

இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

குழித்தறி: உட்காரும் பலகையின் மேல் மடித்த சாக்கை வைத்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படி பாருங்கள். முதுகு கூனுவது உடனே குறையும். அரை மணிக்கு ஒருமுறை குழியிலிருந்து ஏறி, இடுப்பில் கையை வைத்துப் பின்னால் ஐந்து தடவை வளையுங்கள்.

விசைத்தறி: சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நிற்க வேண்டாம். தடித்த ரப்பர் மேட் போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். ஒரு காலை மாற்றி மாற்றிச் சிறு கட்டையின் மேல் வைத்து நின்றால் இடுப்பு ஆறும். பாவு பீமை (பாவு நூல் சுற்றிய உருளையை) ஒற்றை ஆளாகத் தூக்கவே கூடாது.

கொலுசுப் பட்டறை: சம்மணத்தைவிட, தாழ்ந்த முக்காலியும் மார்புயரப் பலகையும் நல்லது. வேலை கண்ணுக்கு ஏறி வரட்டும். கண் வேலைக்கு இறங்க வேண்டாம்.

மூட்டை: உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகாமல் பாதத்தைத் திருப்புங்கள்.

லாரியும் பைக்கும்: வண்டியின் அதிர்வே முதுகுக்குத் தனிப் பகை. சீட்டின் சாய்மானத்தைச் சற்றே பின்னால் தள்ளி, இடுப்பு வளைவில் சுருட்டிய துண்டை வையுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். வண்டியை நிறுத்தியதும் உடனே தார்ப்பாயோ பாரமோ இழுக்காமல் சில நிமிடம் நடந்துவிட்டு இழுங்கள்.

மலை: காப்பிப் பையை நிரம்ப விடாமல் பாதியிலேயே கொட்டிவிட்டு வாருங்கள். சரிவில் எப்போதும் ஒரே காலை மேட்டில் ஊன்றிப் பறிக்காமல் திசை மாற்றிப் பறியுங்கள். முதுகுவலியோடு சேலத்துக்கு இறங்குகிறவர்கள் பஸ்ஸில் கடைசி சீட்டைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பின்சீட்டு போடும் குலுக்கல் கொஞ்சமல்ல.

வீடு: தண்ணீர்க் குடத்தைத் தினமும் ஒரே இடுப்பில் வைக்காதீர்கள். பாதி பாதியாக இரண்டு கையிலும் பிரித்துத் தூக்குவது இன்னும் மேல்.

படி 8: ஆறு வாரம் ஆகியும் தீராவிட்டால்

இப்போது எலும்பு மருத்துவரையோ நரம்பு அறுவை நிபுணரையோ பாருங்கள். இப்போது எடுக்கும் எம்.ஆர்.ஐக்கு அர்த்தம் உண்டு. கால்வலி தாங்க முடியாமல் இருந்தால் நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சில வாரம் வலியைக் குறைத்து, பயிற்சி செய்ய வழிவிடும். சிறுநீர், மலக் கட்டுப்பாடு போனாலோ, கால் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ அறுவை சிகிச்சைதான் சரி, அதைத் தள்ளிப்போடக் கூடாது. பல வாரச் சிகிச்சைக்குப் பிறகும் கால்வலி வாழவிடாமல் செய்தால் அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். கால் வலியே இல்லாத வெறும் இடுப்புவலிக்கு அறுவை என்று யாராவது சொன்னால் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் கட்டணம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரு தாளில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வலி தொடங்கிய நாள், எது செய்தால் கூடுகிறது, எது செய்தால் குறைகிறது, காலில் எங்கே மரக்கிறது, இதுவரை என்னென்ன சிகிச்சை எத்தனை முறை. கூடவே தறியிலோ பட்டறையிலோ லாரியிலோ நீங்கள் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து, அதையும் காட்டுங்கள்.